லிட்டரா, கன மீட்டரா, கன அடியா? மோட்டார் வாங்கும் முன் ஒரு கணக்கு

சித்தப்பாவின் நீர்மூழ்கி மோட்டார் இந்தச் சித்திரையில் காயில் எரிந்து நின்றுவிட்டது. ஏற்கெனவே இரண்டு தடவை ரீவைண்டிங் பார்த்த மோட்டார். மூன்றாம் தடவை செலவழிப்பதைவிடப் புதிதே போட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. கும்பகோணத்தில் இரண்டு கடைகளில் கொட்டேஷன் வாங்கினோம். மானியத்தில் சோலார் பம்பு போட்டுத் தருவதாக வீடு தேடி வந்தவரும் ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றுமே 5 எச்.பி. மூன்றையும் திண்ணையில் பரப்பி வைத்து, பறக்காமலிருக்க மேலே வெற்றிலைப் பெட்டியை வைத்துவிட்டு, "எதுடா அதிகமா தண்ணி தள்ளும்? பாத்துச் சொல்லு" என்றார் சித்தப்பா.

முதல் தாளில் 900 எல்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு 900 லிட்டர். இரண்டாவதில் 22 மீட்டர் ஹெட்டில் (தண்ணீரைத் தூக்க வேண்டிய உயரம், குழாய் உராய்வும் சேர்த்து) 11 எல்.பி.எஸ்., அதாவது விநாடிக்கு 11 லிட்டர். மூன்றாவதில் நாளொன்றுக்கு 2,00,000 லிட்டர். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் விரல் மூன்றாவது தாளில் போய் நின்றது. "இதுதான் பெருசு."

ஒரே களத்து நெல்லை ஒருவர் கலக்கணக்கிலும் இன்னொருவர் மரக்கால் கணக்கிலும் சொன்னால் மரக்கால்காரரின் எண் பன்னிரண்டு மடங்கு பெரிதாகத்தான் தெரியும். நெல் கூடிவிடாது. தண்ணீரிலும் அதே கதை. விநாடிக்கு 15 லிட்டர் என்றாலும், நிமிடத்துக்கு 900 லிட்டர் என்றாலும், மணிக்கு 54 கன மீட்டர் என்றாலும், மணிக்கு 54,000 லிட்டர் என்றாலும் குழாயில் கொட்டுவது ஒரே தண்ணீர். விற்பவர் எந்த அலகில் சொன்னால் எண் பெரிதாகத் தெரியுமோ அந்த அலகில் சொல்வார். அதில் அவர் மேல் தப்பு இல்லை. எல்லாத் தாளையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்து பார்ப்பது வாங்குபவர் வேலை. எந்த அலகுக்குக் கொண்டுவருவது என்பதில்தான் எனக்கும் சித்தப்பாவுக்கும் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது.

இஞ்ச் என்பது அளவே இல்லை

டெல்டாவில் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடுகிற இடத்தில் எல்லாரும் பேசுவது இஞ்ச் பாஷை. "ரெண்டரை இஞ்ச் தண்ணி", "மூணு இஞ்ச் தண்ணி நல்லா தள்ளுது." இதைக் கேட்டுத்தான் நாமும் தலையாட்டுகிறோம். ஆனால் இஞ்ச் என்பது குழாயின் வாய் எவ்வளவு அகலம் என்று சொல்லுமே தவிர, அந்த வாய் வழியாகத் தண்ணீர் என்ன வேகத்தில் வருகிறது என்று சொல்லாது. முழு வாய் நிறைய விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்தால் 3 இஞ்ச் குழாயில் சுமார் 9 எல்.பி.எஸ். வேகம் பாதியாகிவிட்டால் தண்ணீரும் பாதி. குழாய் அப்போதும் மூன்று இஞ்ச்தான்.

இதில் இன்னொரு குழி இருக்கிறது. 2 இஞ்சைவிட 4 இஞ்ச் இரண்டு மடங்கு என்று மனசு தானாகவே கணக்குப் போட்டுவிடும். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு போவதால் அது நான்கு மடங்கு. 2 இஞ்சுக்கும் 3 இஞ்சுக்கும் இடையிலேயே இரண்டே கால் மடங்கு வித்தியாசம். ஆகவே "அரை இஞ்ச்தானே கம்மி" என்பது சின்ன விஷயம் இல்லை. போதாததற்குக் கடையில் விற்கும் பி.வி.சி. குழாயின் 75 எம்.எம்., 90 எம்.எம்., 110 எம்.எம். எல்லாம் வெளிவிட்டம். அவற்றைத்தான் நாம் இரண்டரை, மூன்று, நான்கு இஞ்ச் என்று கேட்டு வாங்குகிறோம். குழாய் வாங்க இஞ்ச் போதும். தண்ணீரை ஒப்பிட உதவாது. முதலில் கழித்துக் கட்டியது இதைத்தான்.

விநாடியா, நிமிடமா, மணியா

மீதி இருப்பவற்றில் எல்.பி.எஸ்.சுக்கு ஒரு நியாயம் உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள நீர்மூழ்கி மோட்டாரின் தகட்டில் பொதுவாக அந்த அலகில்தான் அடித்திருப்பார்கள். எச்.பி.யையும் ஹெட்டையும் சேர்த்துச் சரிபார்க்கவும் அதுவே சுலபம். எல்.பி.எஸ்., ஹெட் மீட்டர், 9.81 மூன்றையும் பெருக்கினால் தண்ணீருக்குப் போய்ச் சேரும் வாட் வந்துவிடும். இரண்டாவது தாளின்படி 11 × 22 × 9.81, அதாவது 2,374 வாட். 5 எச்.பி. என்பது 3.7 கிலோவாட். ஆக பம்பு தன் தண்டில் வாங்குகிற சக்தியில் ஏறக்குறைய 64 சதவீதத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கிறது என்று அர்த்தம். நல்ல பம்பு. இதே கணக்கைப் போட்டு 90 சதவீதம் வந்தால் அந்தத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்த அளவு பம்புகள் அந்தத் திறனில் ஓடுவதில்லை.

எல்.பி.எம். அதை 60-ஆல் பெருக்கியது, அவ்வளவுதான். மாடித் தொட்டிக்கு அரை எச்.பி. மோட்டார் வாங்குபவருக்கு அது போதும். வயலுக்கு அதைத் தனியாகச் சுமக்கத் தேவையில்லை.

நான் எல்.பி.எஸ். பக்கம் நின்றேன். தகட்டில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் பிழை வராது என்பது என் கட்சி. சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அதெல்லாம் சரி, ஒரு மா நெறைய எத்தனை மணி நேரம் ஆவும்? அத மட்டும் சொல்லு."

என் கட்சி அங்கேயே கவிழ்ந்தது. அவருக்குத் தண்ணீர் மணிக்கணக்கில்தான் வருகிறது. மும்முனை மின்சாரம் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை. மோட்டார் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் திரும்பினால் ஒன்றரை மணி நேரம். முறைத் தண்ணீர் ஆளுக்கு இத்தனை மணி. விநாடிக் கணக்கில் வயலில் எதுவும் நடப்பதில்லை.

ஆகவே கன மீட்டர், மணிக்கு. எல்.பி.எஸ்.ஸை 3.6-ஆல் பெருக்கினால் வந்துவிடும். இதில் நான் எதிர்பார்க்காத ஒரு வசதி கிடைத்தது. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்த 40 கன மீட்டர் வேண்டும் (சரியாகச் சொன்னால் 40.47). அப்படியென்றால் மணிக்கு 40 கன மீட்டர் தள்ளும் மோட்டார் ஒரு ஏக்கரில் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் ஏற்றும். நம் பக்கத்தில் மா கணக்குத்தானே, 100 குழி ஒரு மா, ஏறக்குறைய 33 சென்ட், ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. அதே மோட்டார் ஒரு மாவில் மணிக்கு 3 சென்டிமீட்டர் ஏற்றிவிடும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல்லுக்கு ஒரு தடவைக்கு 5 சென்டிமீட்டர் நிறுத்துவது என்று வைத்துக்கொண்டால் ஒரு மாவுக்கு 67 கன மீட்டர். மோட்டாரின் எண்ணால் 67-ஐ வகுத்தால் சித்தப்பா கேட்ட மணி நேரம் கையில். நாற்பது கன மீட்டர் மோட்டாருக்கு ஒரு மணி நாற்பது நிமிடம்.

இது வயல் ஏற்கெனவே ஈரமாக இருக்கும்போது. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் களிமண்ணில் முதல் தண்ணீர் வைத்தால் வெடிப்புக்குள்ளேயே பாதி போய்விடும், கணக்கு எடுபடாது.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைக்குச் சொட்டுநீர் போடுபவர்களுக்கும் இதே அலகுதான் ஒத்துவரும். அங்கே எல்லாம் மணிக்கு இத்தனை லிட்டர் என்றுதான் பேச்சு. மரத்துக்கு நான்கு சொட்டுவான்கள், ஒவ்வொன்றும் மணிக்கு 8 லிட்டர், 200 மரங்கள் என்றால் மணிக்கு 6,400 லிட்டர். ஆயிரத்தால் வகுத்தால் 6.4 கன மீட்டர். புள்ளியை நகர்த்துவதோடு கணக்கு முடிந்தது.

காலனில் ஒரு தடுமாற்றம்

கொட்டகையில் தாத்தா காலத்து ஆயில் இன்ஜின் ஒன்று துருவேறி நிற்கிறது. அதோடு இணைத்திருந்த பம்பின் பித்தளைத் தகட்டில் 220 ஜி.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு 220 காலன், என்று இருந்தது. தேங்காய் நாரைப் புளியில் தோய்த்துத் தேய்த்த பிறகுதான் எண்ணே தெரிந்தது. "இந்த இன்ஜின் தள்ளுன தண்ணிய எந்த மோட்டாரும் தள்ளல" என்பது சித்தப்பாவின் நெடுநாள் கட்சி. சரி, பார்த்துவிடலாம் என்று இணையத்தில் கிடைத்த ஒரு மாற்றுப் பட்டியலை வைத்துப் பெருக்கினேன். நிமிடத்துக்கு 833 லிட்டர் வந்தது. அவருக்கு முகம் வாடிவிட்டது.

தவறு என்னுடையது. அந்தப் பட்டியல் அமெரிக்கக் காலனுக்கு உரியது, 3.785 லிட்டர். நம் நாட்டில் மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் வந்ததே 1956-இல். அதற்கு முந்தைய பழக்கத்தில் செய்த பம்புகளில் காலன் என்றால் பிரிட்டிஷ் காலன், 4.546 லிட்டர். அப்படிப் பெருக்கினால் நிமிடத்துக்கு 1,000 லிட்டர், மணிக்கு 60 கன மீட்டர். இரண்டு காலனுக்கும் நடுவே இருபது சதவீத வித்தியாசம். பழைய தகடு என்றால் பிரிட்டிஷ் காலன், அமெரிக்கக் கம்பெனியின் பட்டியல் என்றால் அமெரிக்கக் காலன். காலன் என்று கண்டால் எந்த நாட்டுக் காலன் என்று கேட்காமல் பெருக்கக் கூடாது.

அதற்காக இன்ஜின் ஜெயித்தது என்றும் ஆகாது. அது மேல்மட்டத்தில் தண்ணீர் கிடந்த காலத்தில் பத்துப் பதினைந்து அடியிலிருந்து உறிஞ்சியது. இப்போது எங்கள் போரில் மோட்டார் ஓடும்போது தண்ணீர் 55 அடிக்குப் போய்விடுகிறது. தரைக்கு மேல் வைத்து உறிஞ்சுகிற எந்தப் பம்பும் அந்த ஆழத்திலிருந்து எடுக்க முடியாது. காற்றழுத்தத்தின் எல்லையே 10 மீட்டர்தான், நடைமுறையில் ஏழெட்டு மீட்டரைத் தாண்டுவது கஷ்டம்.

அலகு சரியாக இருந்தும் ஏமாறுகிற இடம்

இனிதான் பணம் போகிற இடம். முதல் தாளின் 900 எல்.பி.எம். என்பது 54 கன மீட்டர். இரண்டாவதின் 11 எல்.பி.எஸ். என்பது 39.6. ஒரே அலகுக்குக் கொண்டுவந்தாயிற்று, முதல் மோட்டார் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம் தள்ளுகிறது, விலையும் கொஞ்சம் குறைவு. வேலை முடிந்தது என்று நானே கிளம்பிவிட்டேன். போகும் வழியில் தாளை மறுபடி பார்த்தபோதுதான் உறைத்தது. இரண்டாவது தாளில் 22 மீட்டர் ஹெட் என்று இருக்கிறது. முதல் தாளில் ஹெட்டே எழுதவில்லை.

கடைக்காரரிடம் கேட்டோம். "ஹெட் ரேஞ்ச் 12 டு 28 சார், ஐ.எஸ்.ஐ. மோட்டார், பயப்படாம எடுத்துட்டுப் போங்க" என்றார். 900 எந்த ஹெட்டில் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. அட்டவணையைக் காட்டச் சொன்னோம். கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு கசங்கிய புத்தகம் வந்தது. 12 மீட்டரில் 900. 16 மீட்டரில் 790. 22 மீட்டரில் 600. 28 மீட்டரில் 330.

எல்லா பம்பும் அப்படித்தான். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறையும். தாளில் எழுதியிருந்தது அட்டவணையிலேயே பெரிய எண். பொய் இல்லை, ஆனால் எங்கள் போருக்கு அது பொருந்தாது. எங்களுக்கு எவ்வளவு ஹெட் என்று கணக்குப் பார்த்தோம். மோட்டார் ஓடும்போது தண்ணீர் மட்டம் 55 அடி, அதாவது 16.8 மீட்டர். ஓடாமல் சும்மா இருக்கும்போது உள்ள மட்டத்தை எடுத்துக்கொண்டால் ஏமாந்துவிடுவோம், ஓட ஆரம்பித்ததும் மட்டம் இறங்கிவிடும். தரைக்கு மேலே தொட்டிக்கு 5 அடி, 1.5 மீட்டர். குழாயிலும் பெண்டிலும் உராய்வுக்கு மூன்றரை மீட்டர். கூட்டினால் 21.8, சுமாராக 22.

22 மீட்டரில் முதல் மோட்டார் 600 எல்.பி.எம்., அதாவது 36 கன மீட்டர். இரண்டாவது 39.6. முந்தியது பிந்தியது ஆகிவிட்டது. ஒரு மாவுக்கு 67 கன மீட்டர் என்ற கணக்கில் முதலாவதுக்கு ஒரு மணி 52 நிமிடம், இரண்டாவதுக்கு ஒரு மணி 42 நிமிடம். தாளில் இருந்த 54-ஐ நம்பியிருந்தால் ஒன்றே கால் மணி நேரத்தில் நிறைந்துவிடும் என்று வாய்க்காலோரம் காத்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்திருக்கும். பதினைந்து மாவுக்கு ஒரு சுற்று வர முதலாவது 28 மணி நேரம் ஓட வேண்டும், இரண்டாவது இருபத்தைந்தரை. விவசாய மின்சாரம் இலவசம்தான், இருந்தாலும் கரண்ட் இருக்கும் நேரம் நம் கையில் இல்லை.

இதே உராய்வு விஷயத்தில் ஒன்று. கடைக்காரர் காசு மிச்சம் என்று 90 எம்.எம். குழாய்க்குப் பதில் 75 போடச் சொன்னார். உள்விட்டம் ஆறில் ஒரு பங்கு சுருங்கினால், அதே தண்ணீருக்கு உராய்வு இழப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். நல்ல மோட்டார் வாங்கி ஒல்லிக் குழாயில் நெருக்கினால் அது தள்ளும் தண்ணீரைக் குழாயே தின்றுவிடும். 90 தான் போட்டோம்.

போர் எவ்வளவு தரும் என்பதையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். மோட்டார் எடுப்பதைவிடப் போரில் ஊறுவது குறைவென்றால் மட்டம் இறங்கிக்கொண்டே போய் மோட்டார் காற்றை இழுக்கும். பழைய மோட்டார் எரிந்ததற்கும் அதுதான் காரணமாக இருக்கும் என்று ரீவைண்டிங் செய்தவர் சொல்லியிருக்கிறார். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் அதிகம் தள்ளும் மோட்டாரைத் தேடவே கூடாது. அதிகம் உறிஞ்சினால் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறிவிடும்.

நாளொன்றுக்கு என்றால்

சோலார் தாளை நான் முதலில் தப்பாகத் தள்ளிவிட்டேன். 2,00,000 லிட்டரை 24-ஆல் வகுத்து, "மணிக்கு எட்டு கன மீட்டர்தான் சித்தப்பா, ஒரு மா நெறைய எட்டு மணி நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். "ராத்திரியுமா வெயில் அடிக்கும்?"

நாளைக்கு இத்தனை லிட்டர் என்பது பாய்ச்சல் வேகம் இல்லை, ஒரு நாளின் மொத்தம். காலை எட்டு மணிக்கு மெல்ல ஆரம்பித்து உச்சியில் முழுவீச்சில் தள்ளி மாலையில் அடங்கும். அதை மணிக்கணக்காக்கினால் எந்த எண்ணும் உண்மையாக இருக்காது. மற்ற மோட்டார்களை நாள் கணக்குக்குக் கொண்டுபோய் ஒப்பிடுவதுதான் முறை. 200 கன மீட்டர் என்பது ஒரு ஏக்கரில், அதாவது மூன்று மாவில், ஐந்து சென்டிமீட்டர். இரண்டாவது மோட்டார் ஐந்து மணி நேரம் ஓடினால் அதே தண்ணீர். கரண்ட் எட்டு மணி நேரம் இருந்தால் 317 கன மீட்டர், மின்மோட்டார் ஜெயித்தது. நான்கு மணி நேரமே இருந்தால் 158, சோலார் ஜெயித்தது.

நம் பக்கத்து மழைக்காலத்தை நினைத்துப் பலர் சோலாரை ஒதுக்குகிறார்கள். எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது போர்த் தண்ணீரே தேவைப்படாது. போர் வேண்டியிருப்பது குறுவைக்கு நாற்றங்கால் விடும் வைகாசியிலும், ஆற்றில் தண்ணீர் வந்து சேராத ஆனியிலும். அப்போது வெயிலுக்குப் பஞ்சமில்லை. மின் இணைப்புக்குப் பதிந்துவிட்டுக் காத்திருப்பவர், 2019-இல் தொடங்கிய பி.எம். குசும் மாதிரியான திட்டத்தில் மானியம் கிடைக்குமானால், யோசிக்காமல் சோலாரை எடுக்கலாம். சித்தப்பாவுக்கு ஏற்கெனவே சர்வீஸ் இருக்கிறது. அவருக்கு இரண்டாவது தாள்தான்.

ஆறு வந்தால் அலகு மாறும்

கன மீட்டரைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன் என்றாலும் ஒரு இடத்தில் அதை விட்டுவிட வேண்டியிருக்கிறது. கல்லணை திறந்த பிறகு இங்கே யாரும் கன மீட்டர் பேச மாட்டார்கள். அணை, ஷட்டர், ஆறு, வாய்க்கால் எல்லாம் விநாடிக்கு இத்தனை கன அடி என்றுதான் ஓடும். ஒரு கன அடி என்றால் 28.3 எல்.பி.எஸ்., மணிக்கு 102 கன மீட்டர். செய்தியில் பாதி நேரம் "விநாடிக்கு" என்ற சொல்லை விழுங்கிவிடுவார்கள், நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கன அடியிலும் அழகான ஒரு ஒற்றுமை உண்டு. விநாடிக்கு ஒரு கன அடி ஒரு மணி நேரம் ஓடினால் 3,600 கன அடி. ஒரு ஏக்கரில் ஒரு இஞ்ச் நிறுத்த 3,630 கன அடி. ஆக ஒரு கன அடி, ஒரு மணி நேரம், ஒரு ஏக்கர், ஒரு இஞ்ச். எழுதிப் பார்க்கக்கூடத் தேவையில்லை.

போன குறுவையில் எங்கள் கிளை வாய்க்காலில் அளந்தோம். மதகடியில் தண்ணீர் திறந்துவிடும் லஸ்கர் "ரெண்டு கன அடி போவுது தம்பி" என்றார். நம்பாமல் இல்லை, பார்த்துவிடலாமே என்றுதான். நேராக ஓடும் இடத்தில் இருபது அடி அளந்து இரண்டு குச்சி நட்டோம். அகலம் மூன்று அடி, ஆழம் முக்கால் அடி. மேல் குச்சிக்குச் சற்று முன்னால் ஒரு பூவரசங்காயைப் போட்டால் கீழ்க்குச்சியைத் தாண்ட 18 விநாடி. இருபதை 18-ஆல் வகுத்தால் விநாடிக்கு 1.11 அடி. பரப்பு 2.25 சதுர அடி. பெருக்கினால் 2.5 கன அடி. ஆனால் காய் மிதப்பது மேல்தண்ணீரில். அடியிலும் கரையோரத்திலும் ஓட்டம் மந்தம் என்பதால் 0.8-ஆல் பெருக்க வேண்டும். சரியாக 2 கன அடி. லஸ்கர் வெறும் கண்ணால் பார்த்துச் சொன்னது.

அந்த இரண்டு கன அடி மணிக்கு 204 கன மீட்டர். நாங்கள் வாங்கப்போகும் மோட்டார் மாதிரி ஐந்து மோட்டார் சேர்ந்து தள்ளுகிற தண்ணீர் அந்த மூன்றடி வாய்க்காலில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. போரை எவ்வளவு நம்பலாம், ஆற்றை எவ்வளவு நம்பலாம் என்று கேட்பவர்களுக்கு நான் இந்த எண்ணைத்தான் சொல்வேன்.

டி.எம்.சி.யைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் டீக்கடையில் இதைக் கன அடியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதவர் இல்லை. டி.எம்.சி. கொள்ளளவு, நூறு கோடி கன அடி. விநாடிக்கு இத்தனை கன அடி என்பது ஓட்டம். விநாடிக்கு 11,574 கன அடி முழுசாக ஒரு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வரத்தே இல்லாமல் விநாடிக்கு 10,000 கன அடி திறந்தால் 108 நாளில் தரை தட்டும். கர்நாடகம் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் காவிரித் தண்ணீராக ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்னது. அதில் ஜூன் பங்கு 9.19, ஆகஸ்ட் பங்கு 45.95. ஓட்டமாக மாற்றினால் ஜூனில் விநாடிக்குச் சராசரி 3,545 கன அடி, ஆகஸ்டில் 17,156. "பத்தாயிரம் கன அடி விட்டுட்டாங்களே" என்று யாராவது சொன்னால் எந்த மாதத்தில் என்று கேளுங்கள். ஜூனில் அது தாராளம், ஆகஸ்டில் போதவே போதாது.

டிரம் சொன்னது

இரண்டாவது மோட்டாரை வாங்கி இறக்கினோம். ஆள் கிளம்பும் முன் அளந்து பார்க்க வேண்டும் என்று சொல்லியே வைத்திருந்தேன். 200 லிட்டர் டிரம்மை அப்படியே நம்பவில்லை. 20 லிட்டர் தண்ணீர் கேனால் பத்து தடவை ஊற்றி, மட்டத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டோம். மோட்டார் அரைமணி நேரம் ஓடி மட்டம் நிலைத்த பிறகு குழாயை டிரம்மில் திருப்பினோம். ஒரு தடவை அளந்தால் போதாது, ஒரு விநாடி பிசகினாலே ஐந்து சதவீதம் தப்பு. ஐந்து தடவை பார்த்ததில் சராசரி 19 விநாடி. 10.5 எல்.பி.எஸ்., மணிக்கு 38 கன மீட்டர். தாளில் இருந்த 39.6-க்குப் பக்கம்தான், அந்தக் குறைக்குச் சண்டை போட முடியாது.

மோட்டார் கொட்டகைச் சுவரில் சித்தப்பா பெயின்டால் எழுதச் சொன்னார். மணிக்குக் கன மீட்டர் வேண்டுமானால் என்று தலைப்பிட்டு எழுதினேன்:

எல்.பி.எஸ். × 3.6
எல்.பி.எம். × 0.06
மணிக்கு லிட்டர் ÷ 1,000
கன அடி × 102
பழைய காலன், நிமிடத்துக்கு × 0.273
அமெரிக்கக் காலன், நிமிடத்துக்கு × 0.227
ஒரு மா, 5 செ.மீ. = 67

எல்லாவற்றையும் படித்துப் பார்த்துவிட்டுத் தூரிகையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். கீழே தன் கையால் பெரிதாக "38" என்று எழுதி, பக்கத்தில் அன்றைய தேதியையும் போட்டார். வரும் சித்திரையில் மறுபடி டிரம்மை வைத்துப் பார்த்து, அதற்குக் கீழே அடுத்த எண்ணை எழுத வேண்டுமாம்.